சப்பாத்திக்கள்ளி நம்ம ஊர் செடியா? சைதாப்பேட்டையில் அதற்குத் தோட்டமே போட்ட கதை தெரியுமா?

சேலத்திலிருந்து ஏற்காடு போகிறவர்கள் அடிவாரம் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகளை எண்ண ஆரம்பித்துவிடுவார்கள். மேலே காபித் தோட்டம், பனி. கீழே சேர்வராயன் மலையின் காலடியிலோ வெயில் காயும் முள்காடு. இப்படிப்பட்ட காய்ந்த மேடுகளில், பச்சைச் சப்பாத்திகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிவைத்த மாதிரி நிற்கும் சப்பாத்திக்கள்ளியைப் பார்த்தால், இந்த மண்ணிலேயே பிறந்தது போலத்தான் தோன்றும். ஆனால் அதன் சொந்த ஊர் கரீபியன் தீவுகளும் மெக்சிகோ வளைகுடாக் கரையும்!

தண்ணீர் இல்லாமல் எப்படி வாழ்கிறது?

சப்பாத்தி மாதிரி தெரிவது இலை இல்லை, தண்டு. உண்மையான இலை இளம் மடலில் குட்டியாக முளைத்துச் சீக்கிரமே உதிர்ந்துவிடும். மற்ற செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து காற்றை இழுக்கும்போது, தண்ணீரும் ஆவியாகப் போய்விடும். கள்ளி பகல் முழுக்கத் துளையை மூடியே வைத்திருக்கும். வெயில் இறங்கி இரவானதும் திறந்து, கரியமில வாயுவை அமிலமாக மாற்றிச் சேமித்துக்கொள்ளும். மறுநாள் வெயிலில் அதை வைத்துச் சமையல். ஒரு மடல் உடைந்து விழுந்தாலும் போதும், அங்கேயே வேர் விட்டுவிடும்.

சைதாப்பேட்டைக்கு ஏன் வந்தது?

சாயத்துக்காக. கள்ளியில் வாழும் ஒரு பூச்சியிலிருந்து கிடைத்த சிவப்புச் சாயத்தை, மெக்சிகோவைக் கையில் வைத்திருந்த ஸ்பெயின்காரர்கள் விற்றுக் கொழித்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் ஆசை வந்தது. சென்னையில் மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் முயற்சியில், 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட்டார்கள். 1795இல் பிரேசிலிலிருந்து பூச்சியும் கல்கத்தா வந்தது. ஆனால் வந்தது வேறு வகை! சாயம் மட்டம்.

அந்தப் பூச்சி சாயம் தராவிட்டாலும் ஒரு வகைக் கள்ளியைத் தின்றே தீர்த்தது. அதனால் 1836 வாக்கில் தென்னிந்தியாவிலும் அதைக் கொண்டுவந்து விட்டார்கள். ஆனால் நாம் இன்று பரவலாகப் பார்க்கும் மஞ்சள் பூ கள்ளியை அது தொடவில்லை. நிலங்களை அடைத்துப் பரவிய இந்தக் கள்ளிக்கு, 1926இல் இலங்கையிலிருந்து அதன் உறவுக்காரப் பூச்சி வந்தது. சில வருஷங்களிலேயே புதர்கள் சரிந்தன. களையை ஒழிக்க ஒரு பூச்சியை இறக்குமதி செய்வது ஆபத்தான விளையாட்டுதான். இந்தப் பூச்சி கள்ளியோடு நின்றது நம் அதிர்ஷ்டம்.

அது இன்றும் இருக்கிறது. மடலில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருந்தால் குச்சியால் நசுக்கிப் பாருங்க, ரத்தம் மாதிரி சிவப்பாக வரும்.

பழம் சாப்பிடலாமா?

சாப்பிடலாம். ஆனால் வீடியோ பார்த்துவிட்டு வெறும் கையால் பறிக்காதீங்க. பெரிய முள்ளைவிட மோசமானது, பழத்தில் கொத்துக் கொத்தாக இருக்கும் முடி போன்ற சுணை. அதன் நுனி கொக்கி மாதிரி இருப்பதால் தோலிலும் நாக்கிலும் ஏறினால் லேசில் வராது. அந்தக் கையோடு கண்ணைக் கசக்கவே கூடாது. கிராமத்தில் பழத்தைக் குச்சியால் தட்டிவிட்டு, மண்ணில் நன்றாகத் தேய்த்து, தோலுரித்த பிறகுதான் வாயில் வைப்பார்கள். கெட்டியான விதைகளை நிறைய விழுங்கினால் கடுமையான மலச்சிக்கல் வரும். சர்க்கரை நோய்க்கு நல்லது என்று யாராவது சொன்னால் அதை நம்பி மாத்திரையை நிறுத்தாதீங்க. சாப்பிட்ட பிறகு சிறுநீர் சிவப்பாகப் போனால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் அது பழத்தின் நிறம்தான். மறுநாளும் அப்படியே இருந்தால் டாக்டரைப் பாருங்க.