மதியம் திரும்பும் கடற்காற்று... பாய்மரப் படகுப் போட்டியில் ஜெயிப்பது யார் என்பதை எப்படித் தீர்மானிக்கிறது?

மே மாதம், மதியம் ஒரு மணி. ராயப்பேட்டை மணிக்கூண்டு சிக்னலில் பைக்கில் நிற்கிறீர்கள். மேற்கிலிருந்து அனல் காற்று. திடீரென்று அது அடங்கி, மெரினா பக்கமிருந்து ஈரக் காற்று முகத்தில் படுகிறது. ‘அப்பாடா, கடற்காற்று வந்துடுச்சு’ என்கிறோம்.

நமக்கு அது ஆறுதல். சென்னைக் கடலில் சின்னப் பாய்மரப் படகு ஓட்டுகிறவர்களுக்கோ அதுதான் ஆட்டமே. 1911-ல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருப்பது நம்ம துறைமுகத்தில்தான். டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்று, பாய்மரப் படகில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் வீராங்கனை ஆன நேத்ரா குமணனும் சென்னைப் பெண்தான்.

எல்லாருக்கும் ஒரே படகு என்றால்?

நேத்ரா ஓட்டுவது ‘இல்கா’ படகு. முன்பு இதன் பெயர் லேசர். சுமார் 4.2 மீட்டர் நீளம், ஒரே ஆள், ஒரே பாய். இன்ஜின் கிடையாது. ஒரு பிரிவில் எல்லாருக்கும் ஒரே மாதிரிப் படகுதான். அப்புறம் எப்படி ஒருத்தர் முந்துகிறார்? காற்றைப் படிப்பதில்தான்.

நேராகப் போனால் என்ன?

போக முடியாது. காற்று வரும் திசையில் உள்ள மிதவையை அடைய, படகு சுமார் 45 டிகிரி சாய்வாக, இடமும் வலமுமாக மாறி மாறித்தான் ஏற வேண்டும். ஒவ்வொரு திருப்பத்துக்கும் ‘டேக்’ என்று பெயர். ஒவ்வொரு டேக்கிலும் கொஞ்சம் வேகம் போகும். அதனால் சும்மா சும்மா திரும்பவும் முடியாது.

10 டிகிரி என்ன செய்துவிடும்?

இரண்டு படகுகள் சமமாகப் போகின்றன. ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம், நடுவில் 100 மீட்டர் இடைவெளி. காற்று 10 டிகிரி வலப்பக்கம் திரும்புகிறது. அவ்வளவுதான், வலப்பக்கப் படகு சுமார் 17 மீட்டர் முன்னால்! அதாவது நான்கு படகு நீளம். அவர் வேகமா ஓட்டலை; சரியான பக்கத்தில் இருந்தார்.

எப்போது திரும்ப வேண்டும்?

காற்று இரண்டு விதமாகத் திரும்பும். ஊசல் மாதிரி இங்கும் அங்கும் ஆடினால், படகின் மூக்கை மிதவையிலிருந்து விலக்கித் தள்ளும் ஒவ்வொரு முறையும் டேக் அடிக்கலாம். ஆனால், ஒரே பக்கமாகத் திரும்பிக்கொண்டே போனால் கதை வேறு. அது திரும்பப்போகும் பக்கத்துக்கு முன்கூட்டியே போய்க் காத்திருக்க வேண்டும்.

கடற்காற்று பொதுவாக இரண்டாவது ரகம். நிலம் சூடாகி, மேலே எழும் காற்றின் இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று வருகிறது. பூமி சுழல்வதால் நேரம் ஆக ஆக, கிழக்கிலிருந்து தென்கிழக்கு நோக்கி நகர்கிறது. மேல்காற்று பலமாக உள்ள நாளில் அது தாமதமாகும். இடையில் காற்றே செத்துப்போகும். அப்போது கடல் பக்கம் ஒதுங்கியிருப்பவருக்குத்தான் புதுக் காற்று முதலில் கிடைக்கும்.

மொத்தமாக ஒரே பக்கம் போய்விட்டால்?

அது சூதாட்டம். கணிப்பு தப்பினால் அதே 17 மீட்டர் பின்னால். அதனால் முன்னணியில் இருப்பவர் தனியாகப் போக மாட்டார். எதிராளிக்கும் மிதவைக்கும் நடுவிலேயே இருப்பார். காற்று எந்தப் பக்கம் திரும்பினாலும் இருவருக்கும் ஒன்றுதானே! ஒரு படகின் பாய்க்குப் பின்னால் காற்று கலங்கிவிடும். அந்த நிழலில் சிக்குகிறவர் மந்தமாவார்.

ஒரு புள்ளியின் விலை

இங்கே முதலிடத்துக்கு 1 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 2. குறைந்த மொத்தமே வெற்றி. 2023 செப்டம்பரில் நடந்த ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வேலூரைச் சேர்ந்த விஷ்ணு சரவணன் 34 புள்ளிகளுடன் வெண்கலம் வென்றார். வெள்ளி வென்ற தென்கொரிய வீரருக்கு 33. பல நாள் போட்டியில் எங்கோ ஒரே ஓர் இடம்தான் வித்தியாசம்!

அடுத்த முறை மதியம் அவ்வை சண்முகம் சாலையில் போகும்போது கட்சிக் கொடிகளைப் பாருங்கள். கிழக்கே பறந்துகொண்டிருந்தவை துவண்டு, மேற்கே திரும்பினால் கடற்காற்று வந்துடுச்சுன்னு அர்த்தம். அந்த நேரத்தில் கடலில் யாரோ ஒருத்தர், இப்போ டேக் அடிக்கலாமா, இன்னும் பொறுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பார்.