ஹிருதயத்தில் ஒரு குமாஸ்தா

பாலவாக்கம் கடற்கரையில் விடியற்காலையில் உலாவும் முதியவர்களுக்குள் மாரடைப்பு கண்டு மீண்டவர்கள் சிலரேனும் இருப்பது இன்று அதிசயமன்று. 1975-இல் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே. எம். செரியன் இந்தியாவின் முதல் பைபாஸ் சிகிச்சையைச் செய்தது முதலாக, இரத்தத்துக்கு மாற்றுப்பாதை அமைக்கும் வித்தை நம் நகரத்தில் சர்வசாதாரணமாகிவிட்டது. ஆனால் இரத்தமின்றி மாண்டுபோன ஹிருதயத் தசையை உயிர்ப்பிக்கும் உபாயம் எந்தச் சஸ்திர வைத்தியரிடமும் இல்லை; அந்த இடத்தைத் தழும்புதான் மூடுகிறது. ஏனெனில், வாலிபப் பருவத்திலேயே ஆண்டுக்கு நூற்றில் ஓர் உயிரணுதான் அங்கே புதுப்பிக்கப்படுகிறது. எழுபத்தைந்து வயதில் அதில் பாதிகூட இல்லை.

உயிரணுக்கள் புதுப்பிக்கப்படுவதை இவ்வாறு கட்டுப்படுத்துவதில் பங்குகொள்பவற்றுள் ஒன்று மைக்ரோ ஆர்.என்.ஏ. என்னும் துணுக்கு. ஜீனிலிருந்து புரதம் செய்யும் கட்டளையைத் தூது ஆர்.என்.ஏ. சுமந்து செல்கையில், சுமார் இருபத்திரண்டு எழுத்தே நீளமுள்ள இத்துணுக்கு அதன்மீது ஒட்டிக்கொண்டு, கோட்டையிலிருந்து புறப்பட்ட உத்தரவை மேஜையிலேயே முடக்கிவிடும் குமாஸ்தாவைப் போல, அதைச் செல்லாததாக்கிவிடுகிறது. 1993-இல் ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழுவில் இதனைக் கண்டவர்கள் ஆம்ப்ரோஸும் ருவ்குனும். புழுவின் விசித்திரம் என்றே பலகாலம் கருதப்பட்ட இவ்விஷயத்துக்கு நோபல் பரிசு 2024-இல்தான் வந்தது.

மூப்பிலும் இதற்குப் பங்குண்டு. வயது ஏறும் எலிகளின் ஹிருதயத்தில் மிர்-34ஏ என்னும் துணுக்கு மிகுந்து, டி.என்.ஏ.வைக் காக்கும் ஒரு புரதத்தை ஒடுக்குவதையும், அத்துணுக்கைத் தடுத்தால் உயிரணுச் சாவு குறைவதையும் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர்கள் 2013-இல் வெளியிட்டார்கள்.

இதற்கு நேர்மாறாக, உயிரணுக்களைப் பெருகத் தூண்டும் துணுக்குகளும் உண்டு. புது டில்லியிலும் கிளையுள்ள ஒரு சர்வதேச உயிர்த்தொழில்நுட்ப நிலையத்தின் இத்தாலியக் கிளையில், மிர்-199ஏ அவ்வாறு செய்வதை 2012-இல் கண்டார்கள். பிறகு மாரடைப்பு உண்டாக்கிய பன்றிகளுக்கு அதனைச் செலுத்தவே, ஒரு மாதத்தில் தழும்பு சுருங்கிற்று, ஹிருதயம் பலமாகத் துடித்தது. கேட்கவே உற்சாகமாயிருக்கிறதல்லவா? ஆனால் வைரஸ் வழியே புகுத்திய அந்தத் துணுக்கு நிறுத்த வழியின்றி உற்பத்தியாகிக்கொண்டேயிருந்தமையால், முதிராத உயிரணுக்கள் பெருகி, துடிப்பின் ஒழுங்கு குலைந்து, பெரும்பாலான பன்றிகள் திடீரென மாண்டன என்ற செய்தியும் 2019-இல் வெளியான அதே அறிக்கையிலேயே இருந்தது. குறித்த அளவில், குறித்த காலம் மட்டும் செயற்படச் செய்யும் வழி கைகூடும்வரை இதனை மருந்தென்று அழைப்பதற்கில்லை.

எனவே நெஞ்சில் வலி கண்டால், வாயுக் கோளாறென்று சோடா குடித்துக் காலம் கடத்தாமல், உடனே 108-ஐ அழையுங்கள்.