சுக்கான் மூட்டுக்களுக்கு ஏற்ற கிறீஸ்

தோணிக்குச் சுக்கான் எவ்வாறோ, மோட்டார் வண்டிக்கு ஸ்ரியறிங் அவ்வாறாம். இயந்திரம் நின்றுவிடின் வண்டி வீதியோரத்தில் நிற்கும், அவ்வளவே. ஸ்ரியறிங் மூட்டொன்று கழன்றுவிடின் வண்டி எத்திசை செல்லுமென எவராலும் கூறவியலாது. இத்தகைய மூட்டுக்களைப் புதுப்பிக்கும்பொழுது உதிரிப் பாகத்தின் விலையையும் தரத்தையும் துருவி ஆராய்கின்ற நம்மவர், அதனுடன் இடப்படும் கிறீஸைப் பற்றி வினவுவது அரிது. பட்டறையில் திறந்து கிடக்கும் பேணியில் எது உண்டோ, அதுவே எல்லாவற்றிற்கும் போதுமென அமைந்துவிடுகின்றனர். ஒரு மூட்டிற்கு உயிர்தரும் கிறீஸ் மற்றொன்றிற்குக் கேடு செய்தலும் கூடும். இலக்கணம் கற்பிப்போர்க்கு இதில் என்ன அலுவல் என வினவும் பழைய மாணவர்க்கு யாம் கூறும் விடை ஒன்றே: சொல்லைப் போலவே கிறீஸும் இடமறிந்து இடப்படவேண்டியது.

முதலில் கிறீஸ் யாது எனக் காண்போம். அது தடித்த எண்ணெயன்று. எண்ணெயைத் தன்னகத்தே தாங்கி நிற்கும் ஒருவகைச் சவர்க்காரம் எனல் பொருந்தும். பஞ்சு நீரை ஏந்துவதுபோலச் சவர்க்காரம் எண்ணெயை ஏந்தி, மூட்டு அசையுந்தோறும் சிறிது சிறிதாக விடுகின்றது. மாட்டு வண்டியின் அச்சிற்கு, கருக்கிய வைக்கோலை ஆமணக்கெண்ணெயிற் குழைத்து இட்ட மசகினை நம் முதியோர் அறிவர். அந்த ஆமணக்கு இன்றும் கைவிடப்படவில்லை என்பது வியப்பிற்குரியது. இன்று பெருவழக்கிலுள்ள லிதியம் கிறீஸின் சவர்க்காரம், ஆமணக்கெண்ணெயை ஐதரசனேற்றிப் பெறும் கொழுப்பமிலத்தினின்றே பெரும்பாலும் ஆக்கப்படுகின்றது.

சவர்க்காரம் எவ்வகையது என்பதே நம் பகுதியினர் முதலிற் கேட்கவேண்டிய வினா. சோடியம் சவர்க்காரத்தாலான கிறீஸ் வெப்பத்தைத் தாங்கும். ஆனால் நீர் பட்டவுடன் குழைந்து கழுவுண்டு போகும். கல்சியம் கிறீஸ், அதாவது பழைய பட்டறைகளிற் கப் கிறீஸ் என வழங்கியது, நீரை நன்கு எதிர்க்கும்; எனினும் ஏறக்குறைய 100 பாகை செல்சியசில் உருகியொழுகும். 1940-களில் தோன்றிய லிதியம் கிறீஸ் 180 பாகைக்கு மேலும் உருகாது. நீரையும் ஓரளவு தாங்கும். இதனாலேயே அது பல தேவைகளுக்குரிய கிறீஸ் எனப் பெயர்பெற்றது. கல்சியம் சல்பனேற்றுக் கூட்டுக் கிறீஸ் என்பதொன்றும் இப்பொழுது கிடைக்கின்றது. உப்பு நீரில் இரும்பு துருவேறாமற் காப்பதில் அது லிதியத்தினும் மேம்பட்டது, விலையும் மேம்பட்டதே.

பேணியின்மேற் காணப்படும் 2 என்னும் எண் தரத்தைக் குறிப்பதன்று, இறுக்கத்தைக் குறிப்பது. கூம்பொன்றைக் கிறீஸின்மேல் ஐந்து வினாடி அமிழவிட்டு, அது எவ்வளவு ஆழம் இறங்குகின்றதென அளந்து, 000 முதல் 6 வரை எண்ணிடுவர். ஸ்ரியறிங் மூட்டுக்களுக்குப் பெரும்பாலும் 2 ஆம் எண்ணே ஏற்றது.

இனி ஓர் எடுத்துக்காட்டு. அலெக் இசிகோனிஸ் என்பார் வகுத்து, 1948 முதல் 1971 வரை இங்கிலாந்திற் செய்யப்பட்ட மோரிஸ் மைனர் நம் நாட்டார் நெடுங்காலம் பேணிவந்த வண்டி. அதன் முன்சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் தூணின் கீழ்முனை திருகுபுரியுடையது. அது றனியன் எனப்படும் உறுப்பினுள் திருகி நிற்கும். சக்கரம் திரும்புந்தோறும் அப்புரிகள் ஒன்றோடொன்று உராயும். ஆயிரம் மைலுக்கொருமுறை அங்கே கிறீஸ் ஏற்றுமாறு முற்காலக் கையேடுகள் விதித்தமை வீண் கண்டிப்பன்று. வறண்ட புரி தேய்ந்து, ஒருநாள் தூண் கழன்று, சக்கரம் உள்மடிந்து வண்டி தரையில் அமர்தல் மைனரின் பேர்போன குற்றமாகும். ஆயின் அதே வண்டியின் றாக் எனப்படும் பற்சட்டத்திற்குக் கிறீஸ் ஆகாது. தடித்த கியர் எண்ணெயே அதற்கு விதி. அங்கும் ஒரு நிப்பிள் இருப்பது கண்டு மயங்கிக் கிறீஸை ஏற்றுவோர் உளர். பற்கள் ஒதுக்கிய கிறீஸ் ஓரத்திலேயே நின்றுவிடும், எண்ணெயைப்போல் மீண்டு வாராது. உறை நிறையக் கிறீஸ் இருக்கவும் பற்கள் வறண்டு தேயும்.

இக்காலத்து யப்பானிய வண்டிகளில் வெளிப்புற ரை றொட் எண்ட் பெரும்பாலும் மூடி முத்திரையிடப்பட்டு வருவது. நிப்பிள் இல்லாததில் நாம் இடுவதற்கு யாதுமில்லை. உறையை நெம்பித் திறந்து கிறீஸ் அடைப்பது நன்மையன்று. உட்புற மூட்டாகிய றாக் எண்டின் குண்டிற்கும் பற்சட்டத்திற்கும் மொலித்தனம் இருசல்பைட்டுக் கலந்த லிதியம் கிறீஸ் வழக்கமானது. உருக்கு உருக்கோடு அழுந்தும் இடங்களில் அக்கருநிறப் பொடி எண்ணெய்ப் படலம் கிழிந்தபோதும் காத்து நிற்கும். மின்விசையால் இயங்கும் ஸ்ரியறிங்கிற்கு வண்டி செய்தோர் குறித்த கிறீஸையும் குறித்த அளவையும் மீறலாகாது.

றப்பர்த் துருத்தியின் சிறிய வாய் றொட்டைப் பற்றும் இடத்திலோ சிலிக்கோன் கிறீஸே வேண்டும். சிலிக்கோன் றப்பரைக் கெடுக்காது. ஆனால் உருக்கோடு உருக்கு உராயும் இடத்திற் சுமையைத் தாங்கும் வலிமை அதற்கில்லை. மறுதலையாக, சாதாரண கிறீஸிலுள்ள கனிய எண்ணெய் இயற்கை றப்பரை ஊதிப் பருக்கச் செய்யும். றாக்கைத் தாங்கும் றப்பர்ப் புஷ்களிற் கிறீஸ் பூசுவோர் இதனைக் கருதுவாராக. ரை றொட் எண்டின் கூம்பிய தண்டு பொருந்தும் துளையிலோ எக்கிறீஸும் ஆகாது. அது துடைத்து உலர்ந்த நிலையிலேயே இறுக்கப்படவேண்டும். அங்கே பிடிப்பே காப்பு, வழுக்கல் அன்று.

நம் பகுதியின் இயல்பையும் கருதவேண்டும். ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவிக்கும் கடலுக்கும் இடையே, உப்புக் காற்றில் நம் வண்டிகள் ஓடுகின்றன. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபின் எழுவான்கரை வண்டிகள் படுவான்கரைக்கு எளிதிற் செல்கின்றன. மாரியிற் படுவான்கரை வீதிகளில் வெள்ளம் குறுக்கறுத்தல் புதிதன்று. 2011 ஜனவரி வெள்ளத்தை மறந்தார் யார்? துருத்தியில் நூலளவு கிழிவு இருப்பினும், சேற்று நீர் உட்புகுந்து கிறீஸுடன் கலந்து அரைக்கும் பசையாகிவிடும். வெள்ளத்திற் சென்று வந்த வண்டியின் துருத்திகளை அந்த வாரத்திலேயே பார்த்தல் வேண்டும். நிப்பிள் உள்ள மூட்டாயின், உழவு இயந்திரச் சாரதிகள் செய்வதுபோல, பழுப்பு நீங்கிப் புதுக்கிறீஸ் தூயதாக வெளிவருமளவும் ஏற்றுக. இத்தகைய மூட்டுக்களுக்குக் கல்சியம் சல்பனேற்று வகைக்குக் கொடுக்கும் மிகைப்பணம் வீணாகாதென்பது எம் கருத்து.

ஆயினும் ஒருவகையை மற்றொன்றன்மேல் ஏற்றுதல் தகாது. சில சவர்க்காரங்கள் ஒன்றோடொன்று ஒவ்வா. பொலியூரியா வகையை லிதியத்தோடு கலந்தால் இரண்டும் இளகி ஒழுகிவிடலாம். நிறம் ஒத்திருப்பது வகை ஒத்ததற்குச் சான்றாகாது; அது சாயத்தின் வேலை. பாகம் மாற்றும்போது பழைய கிறீஸை முற்றும் துடைத்தெடுத்தலே தக்கது. வகையும் எண்ணும் எழுதப்படாத பேணி படலைப் பிணைச்சலுக்கு உதவும்.

மூட்டுக்கள் மாற்றியபின் சக்கர ஒழுங்கு பார்ப்பர். அப்பொழுது றொட்டைத் திருகுவதால், சிலிக்கோன் பூசப்படாத துருத்தி உடன்முறுகும். முறுகியது விரைவிற் கிழியும். ஒழுங்கு பார்த்து முடிந்ததும் விளக்கொன்றை வாங்கி, இரு துருத்திகளின் மடிப்புக்களும் நேராக உள்ளனவா என நோக்கிய பின்னரே வண்டியைக் கீழிறக்கச் சொல்லுக.