பிறவிக் கேளாமைக்கு அறுவை சிகிச்சை

ஆரியங்கோடு, பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து எல்லைச் சிற்றூர்களை விட்டுப் பிழைப்பின் பொருட்டு வெளியூர் சென்றுள்ள நம்மவர் இல்லங்களுக்கு ஒரு செய்தியைச் சொல்ல விரும்புகிறோம். பிறவியிலேயே காது கேளாத குழந்தைகளுக்குக் கேரள அரசு 2012 முதல் 'சுருதிதரங்கம்' என்னும் திட்டத்தின்கீழ் அறுவை சிகிச்சைக்கு உதவி வருகிறது. ஐந்து வயது வரையிலான குழந்தைகளுக்கே இவ்வுதவி உரியது.

வயதைக் குறித்தது வீண் கண்டிப்பன்று. பேச்சொலியைப் பிரித்தறியும் ஆற்றல் மூளையில் வேரூன்றுவது முதல் சில ஆண்டுகளிலேதான். நம் வீட்டுப் பாட்டிமாரோ, "ஆண்பிள்ளை மெதுவாகத்தான் பேசுவான்" என்று சொல்லிச் சொல்லியே மூன்றாண்டுகளைக் கழித்துவிடுவர்! பிறந்த சில நாட்களிலேயே, உறங்கும் குழந்தையின் செவியைக் கருவி கொண்டு சோதித்தறிய இயலும். மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணக்கும் குடும்பங்களில் இக்குறை மிகுதியாகத் தோன்றுவதால், அவர்கள் இச்சோதனையைத் தவறவிடலாகாது.

உட்செவியில் நத்தைக்கூடு போல் சுருண்ட 'காக்ளியா' என்னும் உறுப்பு உளது. அதிலுள்ள நுண்மயிர் அணுக்களே ஒலியை நரம்புக்கு உணர்த்துவன. அவை பழுதுற்றவிடத்து, மெல்லிய மின்கம்பியொன்றை அச்சுருளினுள் செலுத்தி நரம்பை நேரே தூண்டுகின்றனர். 1957இல் பாரிஸ் நகரில் ஜூர்னோ, ஏரியே என்னும் இருவர் செய்த முயற்சியே இதற்கு வித்து. 1978இல் மெல்போர்னில் கிரேம் கிளார்க் பல முனைகள் கொண்ட கருவியைப் பொருத்தினார். வெளியே காதருகில் அணியும் கருவி ஒலியை வாங்கி உள்ளே அனுப்பும். செவிநரம்பே அமையாத குழந்தைக்கு இம்முறை பயன்படாது.

தையல் ஆறிச் சில வாரங்கள் சென்றபின்னரே கருவியை இயக்குவர். அன்றே குழந்தை "அம்மா" என்று அழைத்துவிடும் என எண்ணி ஏமாறுவோர் பலர். முதலில் கேட்பது பொருளற்ற ஓசையே; அதைச் சொல்லாக்கப் பயிற்சி ஆண்டுக்கணக்கில் வேண்டும். திருவனந்தபுரம் ஆக்குளத்தில் 1997இல் தோன்றிய தேசிய பேச்சு–கேள்வி நிறுவனம் இளங்குழந்தைகளுக்கு இத்தகைய பயிற்சியை அளிக்கிறது.

இங்கே நம்மவர்க்கு ஓர் இடர்ப்பாடு. பயிற்சி மலையாளத்தில், அடுப்படியில் தமிழ். தாய் தடையின்றிப் பேசும் மொழியே குழந்தையின் செவியில் நாள் முழுதும் விழவேண்டும் என்பது நம் துணிபு. ஆதலின் வீட்டுமொழி தமிழென்பதைப் பயிற்சியாளரிடம் முதல் நாளே தெரிவித்துவிடுக.

எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில் குடியேறியவர்கள், அங்குள்ள முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை நாடலாம். எப்பக்கமாயினும் குடும்ப அட்டையையும் குழந்தையின் பிறப்புச் சான்றையும் மறவாது கொண்டுசெல்லுங்கள்.