மலைக்குள் கைகோத்த கதை

குழந்தைகளே, மணலைக் குவித்து வைத்துச் சுரங்கம் தோண்டி விளையாடியிருக்கிறீர்களா? நீங்கள் இந்தப் பக்கம், உங்கள் தோழன் அந்தப் பக்கம் உட்கார்ந்து கையால் குடைந்துகொண்டே போவீர்கள். நடுவில் இருவர் விரல்களும் தொட்டுக்கொண்டால் எத்தனை குதூகலம்! காய்ந்த மணலாக இருந்தால் மேடு 'பொத்'தென்று சரிந்துவிடும். கொஞ்சம் ஈரமான மணல் என்றால் நிற்கும்.

இதே விளையாட்டை இமயமலையில் விளையாட முடியுமா? விளையாட்டாக அல்ல, வேலையாகவே செய்து முடித்திருக்கிறார்கள்!

இமாசலப் பிரதேசத்தில் மணாலிக்கு வடக்கே பீர் பஞ்சால் மலைத்தொடர் இருக்கிறது. அதற்கு அப்பால் லாஹௌல் பள்ளத்தாக்கு. முன்பெல்லாம் மணாலியிலிருந்து அங்கே போக, 3,978 மீட்டர் உயரத்தில் உள்ள ரோதாங் கணவாயில் ஏறி இறங்க வேண்டும். குளிர்காலத்தில் அந்தச் சாலையைப் பனி மூடிவிடும். ஆண்டில் ஏறத்தாழ ஆறு மாதம் போக்குவரத்து கிடையாது. அரிசி, பருப்பு, மருந்து எல்லாவற்றையும் முன்கூட்டியே சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். யாருக்காவது கடுமையான நோய் வந்தால் ஹெலிகாப்டருக்குக் காத்திருக்க வேண்டும். வானிலை கெட்டிருந்தால் அதுவும் வராது.

இதற்கு வழி என்ன? மலைமேல் ஏற முடியாவிட்டால் மலைக்குள் போவதுதான்! கணவாய்க்கு அடியில் சுரங்கப்பாதை அமைப்பது என்று 2000-ஆம் ஆண்டு ஜூன் 3-ஆம் தேதி முடிவாயிற்று. 2010 ஜூன் 28-இல் அடிக்கல் நாட்டினார்கள். எல்லைச் சாலைகள் அமைப்பின் மேற்பார்வையில், ஆஸ்திரியா நாட்டு ஸ்ட்ராபாக் நிறுவனமும் நம் நாட்டு ஆஃப்கான்ஸ் நிறுவனமும் கூட்டாக வேலையில் இறங்கின. ஆஸ்திரியா, ஆல்ப்ஸ் மலைகள் நிறைந்த நாடு. மலை குடைவது அந்நாட்டுப் பொறியாளர்களுக்குப் பழகிய தொழில்.

எப்படிக் குடைந்தார்கள் தெரியுமா? பாறையில் வரிசையாகத் துளை போட்டு, வெடிமருந்து வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக உடைப்பார்கள். உடைந்த கல்லை லாரிகள் வெளியே கொண்டுபோகும். உடனே சுவரிலும் கூரையிலும் குழாய் வழியாகக் கான்கிரீட்டைப் பீய்ச்சி அடிப்பார்கள். நீண்ட இரும்புக் கம்பிகளைப் பாறைக்குள் செருகி இறுக்குவார்கள். பிறகு சுவர் அசைகிறதா என்று அளந்து பார்த்துக்கொண்டே இருப்பார்கள். மலை தன்னைத் தானே தாங்கிக்கொள்ள நாம் உதவி செய்கிறோம், அவ்வளவுதான். இந்த முறைக்குப் 'புதிய ஆஸ்திரிய முறை' என்றே பெயர்.

தெற்கு, வடக்கு என்று இரு பக்கமும் வேலை நடந்தது. வடபக்கத்தில் பனி காரணமாக ஆண்டுக்குச் சில மாதங்களே வேலை செய்ய முடிந்தது. தென்பக்கத்திலோ வேறொரு சோதனை. சேரி நாலா என்ற ஓடை மலைமேல் ஓடுகிறது. அதன் அடியில் பாறை நொறுங்கிக் கிடந்தது. குடையக் குடையத் தண்ணீர் கொட்டியது. கல்லும் சேறும் சரிந்தன. தண்ணீரை வெளியேற்றி, பாறைக்குள் சிமெண்டுக் கலவையைச் செலுத்தி இறுக்கி, அங்குலம் அங்குலமாக முன்னேறினார்கள். அந்தப் பகுதியின் நீளம் 587 மீட்டர்தான். நீங்களும் நானும் பத்தே நிமிடத்தில் நடந்துவிடுவோம். அவர்களுக்கோ அதைக் கடக்கப் பல ஆண்டுகள் ஆயின! 2015-இல் முடியும் என்று எண்ணிய வேலை தள்ளிக்கொண்டே போனது.

கடைசியில் 2017 அக்டோபரில், தெற்கிலிருந்து குடைந்தவர்களும் வடக்கிலிருந்து குடைந்தவர்களும் மலைக்குள் சந்தித்தார்கள். மணல்மேட்டில் உங்கள் விரல்கள் தொட்டுக்கொள்ளும் அல்லவா, அதைப் போலத்தான்!

2020 அக்டோபர் 3-இல் பாதை திறக்கப்பட்டது. அதற்கு 'அடல் சுரங்கப்பாதை' என்று பெயர். நீளம் 9.02 கிலோமீட்டர். கடல்மட்டத்திலிருந்து 3,000 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. மணாலியிலிருந்து லே நகருக்குப் போகும் தூரம் 46 கிலோமீட்டர் குறைந்தது. இன்னொரு விந்தை கேளுங்கள். வண்டிகள் போகும் சாலைக்கு அடியிலேயே இன்னொரு சிறிய பாதை உண்டு. உள்ளே தீப்பிடித்தால் மக்கள் அதில் இறங்கித் தப்பிக்கலாம்.

இன்றும் கடும் பனிச்சரிவின்போது சுரங்கத்துக்கு வெளியே உள்ள சாலை சில நாள் மூடப்படுவதுண்டு. ஆனாலும் ஆறு மாதச் சிறை போய்விட்டது. லாஹௌலில் ஒரு தாய்க்கு ஜனவரியில் பிரசவ வலி வந்தாலும், மணாலி பக்கம் போக ஒரு வழி இருக்கிறது.

குழந்தைகளே, கணக்கில் ஒரு படி வரவில்லை என்று புத்தகத்தை மூடத் தோன்றும்போது அந்த 587 மீட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை மணல் கிடைத்தால் காய்ந்த மணலில் ஒரு சுரங்கமும் ஈரமணலில் ஒரு சுரங்கமும் தோண்டிப் பாருங்கள். எது நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள்.