வகிடு சொல்லும் செய்தி

காலை 6.45 மணிக்கு நான் கண்ணாடியின் முன் நிற்பேன். 7.30-க்குப் பள்ளிக்குச் செல்லும் பேருந்து வந்துவிடும். முன்பெல்லாம் தலைவாரிப் பின்னலிட்டுப் பூ வைக்க எனக்கு ஐந்து நிமிடம் போதும். இப்போது இருபது நிமிடம் ஆகிறது. முடி குறையக் குறைய அதை வாரும் நேரம் கூடுவது விந்தையான கணக்குதான். ஆனால், நாற்பதைக் கடந்த பெண்களில் பலருக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும்.

நடுவில் வகிடு எடுத்தால் உச்சியில் தோல் பளிச்சென்று தெரிகிறது. பக்கவாட்டில் எடுத்தால் முடி நிற்காமல் சரிகிறது. எண்ணெய் தடவினால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இடைவெளி இன்னும் பெரிதாகிறது, தடவாவிட்டால் பறக்கிறது. பின்னிய சடையை அவிழ்த்து மீண்டும் பின்னுகிறேன். சீப்பில் சுருண்டு கிடக்கும் முடியைப் பார்த்ததும் அன்றைய நாளின் உற்சாகம் பாதி வடிந்துவிடுகிறது. கரும்பலகையின் பக்கம் திரும்பி எழுதும்போது நாற்பது மாணவியரின் கண்களும் என் உச்சந்தலையில் இருப்பதாக ஒரு கூச்சம். ஆண்டு விழாவில் குழுப் படம் எடுக்கும்போது என்னையறியாமல் பின்வரிசைக்குப் போய்விடுகிறேன்.

'முடிதானே, போனால் போகட்டும்' என்று சொல்வது எளிது. பெண்ணின் கூந்தலை ஐந்து வகையாக முடிக்கலாம் என்பதால் அதற்கு 'ஐம்பால்' என்றே பெயரிட்ட மொழி நம்முடையது. மகளிர் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்ற கேள்வியை வைத்து, இறைவனும் நக்கீரரும் மதுரையில் வாதிட்டதாகப் புராணம் எழுதிய நாடு இது. பாஞ்சாலியின் சபதமும் கண்ணகியின் சினமும் நம் மனத்தில் விரிந்த கூந்தலோடுதான் நிற்கின்றன. அத்தகைய மரபில் வளர்ந்த ஒருத்தியிடம், திருமண வீட்டில் பத்துப் பேர் முன்னிலையில், 'என்னடி, இடுப்பைத் தாண்டி இருந்த சடை இப்படி எலிவாலாப் போச்சு?' என்று உறவினர் கேட்கும்போது, அது முடியைப் பற்றிய கேள்வியாக மட்டும் அவள் காதில் விழுவதில்லை.

ஒரு முடியின் ஆயுள்

எனக்கு இந்தச் சிக்கல் தொடங்கிய காலத்தில், தலைமுடியைப் பற்றி நான் அறிந்திருந்தது மிகக் குறைவு. நம் தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தனித்தனிச் சுழற்சியில் வளர்ந்து, ஓய்ந்து, உதிர்கிறது. வளர்பருவம் பொதுவாக 2 முதல் 6 ஆண்டுகள் வரை நீடிக்கும். மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு செ.மீ. வளர்ச்சி. பின்னர் இரண்டு மூன்று வாரங்கள் மாறுபருவம். அதன்பின் சுமார் மூன்று மாதங்கள் ஓய்வு. அந்த ஓய்வின் முடிவில் உதிர்வு. அதே மயிர்க்காலில் புதிய முடி முளைக்கத் தொடங்கும்.

ஆகவே, நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்பு. இரண்டு நாள்களுக்கு ஒருமுறை தலைக்குக் குளிப்பவர்களுக்கு, குளிக்கும் நாளில் உதிர்வது கூடுதலாகத் தோன்றும். முந்தைய நாளில் கழன்று, மற்ற முடிகளுக்கிடையே சிக்கியிருந்தவையும் சேர்ந்து வருவதே காரணம். சீப்பில் வரும் முடியை எண்ணி எண்ணிக் கலங்கிய நாள்களில் இது எனக்குத் தெரிந்திருந்தால் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

இந்தச் சுழற்சியைப் புரிந்துகொண்டால் இன்னொன்றும் விளங்கும். கடும் காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, பட்டினிக்கு நிகரான உணவுக் குறைப்பு, தாங்க முடியாத மனத் துயர் போன்றவற்றால் உடல் அதிர்ச்சிக்கு உள்ளாகும்போது, வளர்ந்துகொண்டிருக்கும் முடிகள் பெருமளவில் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடுகின்றன. இரண்டு மூன்று மாதங்களுக்குப் பின் அவை மொத்தமாக உதிர்கின்றன. காய்ச்சலை மறந்துவிட்ட நாம், அந்த வாரம் மாற்றிய ஷாம்புவைக் குறை சொல்கிறோம். டெங்கு, கரோனா ஆகியவற்றிலிருந்து மீண்ட பலருக்கு நேர்ந்தது இதுதான். இத்தகைய உதிர்வு பெரும்பாலும் ஆறு மாதங்களில் தானாகவே அடங்கிவிடும்.

யாரும் கேட்காத கேள்வி

என் முடி அப்படி அடங்கவில்லை. இரண்டு ஆண்டுகள் எண்ணெய் எண்ணெயாக மாற்றினேன். கரிசலாங்கண்ணி, கறிவேப்பிலை, செம்பருத்தி, சின்ன வெங்காயச் சாறு, வெந்தயக் களி என எதையும் விட்டுவைக்கவில்லை. விளம்பரம் பார்த்து வாங்கிய புட்டிகள் குளியலறை அலமாரியில் வரிசையாக நின்றன. வழுக்கையைக் குணப்படுத்துவதாகவோ புது முடி வளர்ப்பதாகவோ எந்த மருந்தும் உரிமை கோரக் கூடாது என்று 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின் 'ஜே' அட்டவணை கூறுகிறது. நாட்டின் சட்டம் அப்படியிருக்க, தொலைக்காட்சியில் வரும் வாக்குறுதிகளை நம்பினேன்.

எண்ணெயை நான் பழிக்கவில்லை. தேங்காய் எண்ணெய் முடி இழைக்குள் ஊடுருவி, கழுவும்போது ஏற்படும் புரத இழப்பைக் குறைக்கிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. வளர்ந்த முடி முறியாமல் காக்க அது உதவும். ஆனால், ஓய்ந்துபோன மயிர்க்காலை எழுப்பும் ஆற்றல் அதற்கு உண்டு என்பதற்குச் சான்றில்லை. ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரும் அப்படித்தான். அது முடியைச் சொரசொரப்பாக்கிச் சிக்கை உண்டாக்கும். வேரோடு உதிர்வதற்கு முழுப் பழியையும் அதன்மேல் போட இயலாது.

கடைசியில் ஒரு தோல் மருத்துவரிடம் சென்றேன். தலையைப் பார்ப்பதற்கு முன்பே அவர் கேட்ட முதல் கேள்வி என்னைத் திகைக்க வைத்தது: 'மாதவிலக்கு எப்படி இருக்கிறது?'. எட்டு ஒன்பது நாள்கள் நீடிக்கும் போக்கை, 'வயதானால் அப்படித்தான்' என்று நானே முடிவுகட்டி வைத்திருந்தேன். இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8 கிராமுக்கும் கீழே இருந்தது. இயல்பாக 12 இருக்க வேண்டும். ஸ்கேன் எடுத்தபோது கருப்பையில் நார்த்திசுக் கட்டிகள். மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கியதையும், பிற்பகல் வகுப்புகளில் நாற்காலியைத் தேடியதையும் நான் பொருட்படுத்தவில்லை. வகிடு அகன்றதை மட்டும் பொருட்படுத்தினேன். அதற்கும் எண்ணெயைத்தான் தேடினேன்.

இது என் ஒருத்தியின் கதையன்று. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. இரத்தசோகை உள்ள எல்லோருக்கும் முடி கொட்டுவதில்லை. முடி கொட்டும் எல்லோருக்கும் இரத்தசோகை இருப்பதுமில்லை. ஆயினும், இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு கோளாறு, சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு போன்றவை முதலில் தலைமுடியில் தம்மைக் காட்டிக்கொள்வது உண்டு. எளிய இரத்தப் பரிசோதனைகள் போதும், அவற்றைக் கண்டறிய. முடிக்காக பயோட்டின் மாத்திரை விழுங்குபவர்கள் அதைப் பரிசோதனைக்கு முன் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். தைராய்டு, இதயப் பாதிப்பு ஆகியவற்றைக் கண்டறியும் சில பரிசோதனைகளின் முடிவுகளை அது பிறழச் செய்யும்.

சிகிச்சைக்குப் பின் கொத்துக் கொத்தாக உதிர்வது நின்றது. ஆனால், உச்சியின் அகலம் முழுவதும் குறையவில்லை. அதற்குக் காரணம் வேறு என்றார் மருத்துவர். மரபு வழியாகவும் வயதின் காரணமாகவும் மயிர்க்கால்கள் மெல்ல மெல்லச் சிறுத்து, தடித்த முடிக்குப் பதிலாகப் பூனைமுடி போன்ற மெல்லிழைகளைத் தருகின்றன. ஆண்களுக்கு முன்நெற்றி ஏறுவதுபோல் பெண்களுக்கு வகிடு அகல்கிறது. இரத்த அழுத்தத்துக்கான மருந்தாகத் தோன்றி, பின்னர் முடி வளர்ச்சிக்குப் பயன்பட்ட மினாக்சிடில் இதற்கு ஓரளவு உதவும். பலன் தெரிய நான்கு முதல் ஆறு மாதங்கள் ஆகும். தொடக்க வாரங்களில் உதிர்வு கூடியதுபோல் தோன்றும். நிறுத்தினால் பெற்றதும் போய்விடும். கருவுற்றவர்கள் பயன்படுத்தக் கூடாது. மருத்துவரைக் கேட்காமல் தொடங்கத் தகுந்த மருந்தன்று அது.

கண்ணாடி முன் சில திருத்தங்கள்

காரணம் தெரிந்த பிறகும் காலை 6.45 வரத்தான் செய்கிறது. இருப்பதை வைத்து எப்படிச் சீவி முடிப்பது என்பது மருத்துவர் தீர்க்கும் சிக்கலன்று. அதை நானே கற்றுக்கொண்டேன். என் எரிச்சலுக்குப் பாதிக் காரணம், இருபத்தைந்து வயதில் இருந்த கூந்தலுக்கான பின்னலை நாற்பத்தேழு வயதுத் தலையில் போட முயன்றதுதான்.

முதலில் இடுப்பு வரை இருந்ததைத் தோளுக்குச் சற்றுக் கீழே வெட்டிக்கொண்டேன். நீளத்தின் நுனியில் மிஞ்சியிருந்தது நாலைந்து இழைகளே. அவை தலையின் மேற்புறத்தையும் படிய வைத்து, அடர்த்தியை மேலும் குறைத்துக் காட்டின. வெட்டும் நாளில் அம்மா அழுதார். அடுத்த வாரம் அவரே, 'நிறைய இருக்கிற மாதிரி தெரியுதே' என்றார்.

தலைக்குக் குளிப்பதை மாலைக்கு மாற்றினேன். ஈர முடி வலுவிழந்திருக்கும். அவசரத்தில் இழுத்தால் அறுந்துவிடும். துண்டை முறுக்கிக் கட்டாமல் ஒற்றியெடுத்து, உலர்ந்தபின் அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுக்கிறேன். எண்ணெய், குளிப்பதற்கு முன்பு மட்டுமே. ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் எடுத்த வகிட்டைச் சற்றே நகர்த்தி, நேர்கோடாக இன்றி வளைத்து எடுக்கிறேன். பழகிய திசையில் படிந்துவிட்ட முடி, திசை மாறும்போது சற்று நிமிர்ந்து நின்று தோலை மறைக்கிறது. ரப்பர் வளையத்துக்குப் பதில் துணி வளையம். கனமான மல்லிகைச் சரத்தை உச்சிக்கு அருகில் ஊசி குத்தித் தொங்கவிடாமல், பின்கழுத்தருகே சிறு துண்டாக வைக்கிறேன். விசேஷ நாள்களில் சவுரி வைப்பதுண்டு. எடை குறைந்ததாகத் தேர்ந்து, தாழ்வாகக் கட்டி, வீடு திரும்பியதும் எடுத்துவிடுகிறேன். இப்போது எட்டு நிமிடம் போதுமானதாக இருக்கிறது.

இவற்றுள் எதுவும் புது முடியைத் தராது. இருப்பதைக் காக்கும். எனினும், திடீரெனக் கொத்தாக உதிர்ந்தாலோ, நாணயம் போல் வட்டமாக வழுக்கை விழுந்தாலோ, தலையில் எரிச்சலும் செதிலும் சீழும் தோன்றினாலோ சீப்பை வைத்துவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். புழுவெட்டுக்கு எதையோ தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டு வருபவர்கள் இன்றும் உண்டு.

இறுக்கிய ரெட்டைச் சடை

மருத்துவர் என் காதோரங்களைக் காட்டி இன்னொன்றும் சொன்னார். அங்கே முடி விலகியிருந்ததற்கு மரபு காரணமன்று. உச்சியை மறைப்பதற்காகச் சுற்றிலும் உள்ள முடியை நான் இழுத்து இழுத்துக் கட்டியதே காரணம். தொடர்ந்து இழுக்கப்படும் மயிர்க்கால், தொடக்கத்தில் விட்டுவிட்டால் மீளும். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் தழும்பாகி நிரந்தரமாக மூடிக்கொள்ளும். மறைப்பதற்கு நான் செய்ததே குறையை வளர்த்திருக்கிறது.

அதைக் கேட்டபோது எனக்கு என் மாணவியர் நினைவுக்கு வந்தனர். எண்ணெய் வழிய, படியச் சீவி, நெற்றித் தோல் இழுபடும்படி இறுக்கி, ரிப்பன் வைத்து மடித்துக் கட்டிய ரெட்டைச் சடை. காலை வழிபாட்டில் ஒரு இழை பறந்தாலும் வரிசையிலிருந்து வெளியே நிறுத்தியவர்களில் நானும் ஒருத்தி. 'டீச்சர், தலை வலிக்குது' என்று சொன்ன பிள்ளையிடம், 'ஒழுங்கா பின்னாம வந்துட்டுச் சாக்கு சொல்லாதே' என்று அதட்டியதும் நினைவிருக்கிறது. பின்னல் வலித்தால் அது இறுக்கம் மிகுந்துவிட்டது என்பதன் அறிகுறி. அந்தப் பிள்ளை சாக்குச் சொல்லவில்லை.

மறுவாரம் ஆசிரியர் கூட்டத்தில் இதைச் சொன்னேன். சடை பின்னட்டும், ரிப்பன் கட்டட்டும். இறுக்கம் மட்டும் வேண்டாம் என்றேன். சிலர் சிரித்தனர். தலைமையாசிரியர் சற்று யோசித்துவிட்டுச் சம்மதித்தார். இப்போது காலை வழிபாட்டில் வரிசையைச் சுற்றிவரும்போது, எவள் நெற்றியாவது இழுபட்டிருந்தால் நின்று, 'கொஞ்சம் தளர்த்திப் பின்னும்மா' என்கிறேன். முகம் வெளிறியிருக்கும் பிள்ளையைக் கண்டால், பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுகிறாளா என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

என் வகிடு அகன்றது அகன்றதுதான். அதைப் பற்றி யாரேனும் கேட்டால் இப்போது நான் கூசுவதில்லை. 'ஆமாம், கொட்டிவிட்டது, உங்களுக்கும் கொட்டினால் முதலில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்' என்று சொல்லிவிடுகிறேன். சென்ற மாதம் நடந்த ஆண்டு விழாவில் குழுப் படத்துக்கு முன்வரிசையில் உட்கார்ந்தேன்.