தனி ஆளுக்கும் வேண்டும் தக்க சாப்பாடு

தோட்டத் தொழிலாளிக்கு உடம்புதான் மூலதனம். செம்பனைக் குலை வெட்டவும் உடம்பு வேண்டும், பால்மரம் சீவவும் உடம்பு வேண்டும். சங்கக் கூட்டங்களில் சம்பளம் பேசுகிறோம், வீடு பேசுகிறோம். அந்த உடம்புக்குள் போகும் சோற்றைப் பற்றிப் பேசுவது குறைவு. இந்த வாரம் அதைப் பேசுவோம்.

ஜோகூரில் குளுவாங், ரெங்கம், லாபிஸ், சிகாமட் வட்டாரத் தோட்டங்களுக்குப் போகும்போதெல்லாம் நாங்கள் காண்பது இது. பிள்ளைகள் ஜோகூர் பாருவுக்கும், பாசிர் கூடாங்கிற்கும், சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போய்விட்டார்கள். மனைவியை இழந்த பெரியவர் லயத்து வீட்டில் தனியாக இருக்கிறார். "என்ன அண்ணே, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால், "அவ இருந்த வரைக்கும் தட்டுல வந்துச்சுங்க தலைவரே. இப்ப காலையில கோப்பி, ரொட்டி. ராத்திரிக்கு ஒரு பாக்கெட் மீ. எனக்கு என்னங்க சமைக்கத் தெரியும்?" என்கிறார். கல்யாணமாகாத இளைஞர்களின் கதையும் ஏறக்குறைய இதுதான்.

இதைச் சோம்பல் என்று நாம் சொல்ல மாட்டோம். ஆண் பிள்ளைக்கு அடுப்பைக் காட்டாமல் வளர்த்தது நம் வழக்கம். ஆனால் அதன் விலையை உடம்பு கொடுக்கிறது. சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டு ஆய்வில், இந்நாட்டு இந்தியர்களில் வயது வந்தோர் 100 பேரில் 31 பேருக்கு இனிப்பு நீர் இருப்பது தெரிந்தது. மற்ற எல்லா இனத்தாரையும் விட இது அதிகம். டின் பால் கலந்த கோப்பியும், வெள்ளை ரொட்டியும், மீயும் மட்டுமே சாப்பாடாகிவிட்டால் இந்த நோய்க்கு நாமே கதவைத் திறந்து விடுகிறோம்.

சமைக்கத் தெரியாதவருக்கும் பிடிபடும் ஒரு கணக்கைச் சுகாதார அமைச்சு சொல்லி வருகிறது. 'சுக்கு சுக்கு செபாரோ' என்று மலாயில் அதற்குப் பெயர். தட்டில் கால் பங்கு சோறு. கால் பங்கு மீன், முட்டை, கோழி அல்லது பருப்பு. மீதி அரைப் பங்கு காய், கீரை, பழம். நம் தட்டில் முக்கால் பங்கு சோறாக இருக்கிறதே, அதுதான் கோளாறு.

இதற்குப் பெரிய கைப்பக்குவம் தேவையில்லை. ஒரு ரைஸ் குக்கர் போதும். அரைக் கோப்பை அரிசி, கால் கோப்பை மைசூர்ப் பருப்பு, நறுக்கிய வெங்காயம், இரண்டு பல் பூண்டு, கொஞ்சம் மஞ்சள் தூள், மூன்று கோப்பை தண்ணீர். புழுங்கல் அரிசியானால் அரை மணி நேரம் ஊற வையுங்கள். வெந்து வந்ததும் இரண்டு கைப்பிடி கீரையை நறுக்கிப் போட்டுக் கிளறி, ஐந்து நிமிடம் மூடி வைத்தால் சாப்பாடு தயார். உப்பை அளவோடு போடுங்கள். நெத்திலிக் கருவாடு சேர்ப்பதானால் முதலில் நன்றாகக் கழுவிப் போடுங்கள். அப்போது தனி உப்பு வேண்டாம். சார்டின் டின்னில் உள்ள மீன் ஏற்கெனவே வெந்தது. வெங்காயமும் எலுமிச்சைச் சாறும் சேர்த்தால் கறி ஆயிற்று.

கீரைக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. லயத்துக்குப் பின்னால் முருங்கை நிற்கிறது, பசளை படர்கிறது. மரவள்ளிக் கொழுந்தை மட்டும் பச்சையாகத் தின்னக் கூடாது. அதில் நஞ்சு உண்டு. நன்றாக அவித்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டே சாப்பிட வேண்டும்.

புழுங்கல் அரிசியின் அருமை நம்மில் பலருக்குத் தெரியாது. பெரிபெரி நோய் மலாயாவில் ஆட்களை வாரிக்கொண்டு போன காலத்தில், புழுங்கல் அரிசி உண்ட தமிழ்த் தொழிலாளரிடையே அது குறைவாக இருப்பதை டாக்டர்கள் கவனித்தார்கள். கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் ஃபிளெட்சர் ஒரு சோதனை நடத்தி, 1907இல் அதன் முடிவை வெளியிட்டார். பாதிப் பேருக்குத் தீட்டிய வெள்ளை அரிசி, பாதிப் பேருக்குப் புழுங்கல் அரிசி. வெள்ளை அரிசி உண்டவர்களில் பலருக்கு நோய் கண்டது, உயிர்களும் போயின. புழுங்கல் அரிசி உண்டவர்களில் ஒருவரும் அந்நோயால் சாகவில்லை. நெல்லை உமியோடு அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்பது பின்னர் தெரிந்தது. படிக்காத நம் பாட்டிமார் பழக்கத்தில் அவ்வளவு பலன் இருந்தது!

தனியாக இருக்கும் நாலு பேர் ஒன்று சேர்ந்தால் முறை வைத்துச் சமைக்கலாம். ஒருவருக்கு நாலு நாளைக்கு ஒரு முறைதான் அடுப்பு வேலை. கிளைத் தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை: உங்கள் தோட்டத்தில் தனியாகச் சாப்பிடுகிறவர் யார் யார் என்று ஒரு கணக்கு எடுங்கள். ஒரு வாரம் அவர்கள் வீட்டுக்குப் போய், கூட நின்று சமைத்துக் காட்டுங்கள்.

தாய்மார்களே, மகளுக்குக் கற்றுக் கொடுப்பதை மகனுக்கும் கற்றுக் கொடுங்கள். உலை வைக்கத் தெரிவது ஆணுக்கு இழுக்கல்ல. நாளைக்கு அவன் தனியாக நிற்கும்போது அவனைக் காப்பாற்றப் போவது அதுதான்.